சுவருக்குள் வைத்த கதவு

போன மாதம் ஓசூரிலிருந்து ஒரு இளம் ஆர்க்கிடெக்ட் என்னைப் பார்க்க வந்தார். போச்சம்பள்ளிப் பக்கம் ஒரு கம்பெனி தன் தொழிலாளர் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கட்டுகிறதாம். அதற்குப் படம் போடுகிறவர் அவர்தான். லேப்டாப்பைத் திறந்து காட்டினார். சுவரெல்லாம் மஞ்சளும் சிவப்பும். பிள்ளைகள் ஒளிந்து விளையாடச் சுவருக்குள்ளேயே சின்னச் சின்னக் குகைகள். படத்தில் அந்தக் குகைகளுக்குள் பிள்ளைகள் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு குகைக்கும் வெளியே வர எத்தனை வழி என்று எண்ணினேன்.

அவருக்கு என்னிடம் ஒரு கேள்வி. இந்த வட்டாரத்தில் நான் படம் போட்ட பழைய பள்ளிக்கூடங்களைப் போய்ப் பார்த்திருக்கிறார். எல்லா வகுப்பிலும் இரண்டு கதவு. இரண்டும் வெளிப்பக்கம் திறப்பவை. ஒளிந்துகொள்ள ஒரு மூலைகூடக் கிடையாது. "உங்க சின்ன வயசு விளையாட்டு ஏதாவது இதுக்குள்ள இருக்கா சார்?" என்று கேட்டார்.

இருக்கிறது என்றேன். சந்தோஷமாக நோட்டைத் திறந்தார். நான் பாதி சொன்னதும் மூடிவிட்டார். அவர் கேட்க வந்தது வேறு. முழுவதையும் எங்கள் ஓய்வுபெற்றோர் சங்க மலரில் எழுதிவிடுகிறேன். இளவயது இன்ஜினியர்கள் யாராவது படித்தால் சரி. படிக்காவிட்டாலும் சொல்லி முடித்த கணக்கு.

எங்கள் ஊர் சூளகிரிக்கு உள்ளே. அந்தக் காலத்தில் ராகியைத் தரைக்குள் குழி பறித்துத்தான் சேர்த்துவைப்பார்கள். வாய் ஒரு ஆள் இறங்கும் அகலம். உள்ளே பானை வயிறு மாதிரி விரிந்து, நின்றால் தலை மறையும் ஆழம். மேலே கல் பலகை வைத்து மண் போட்டு மூடிவிட்டால் ராகி வருஷக்கணக்கில் கெடாது. ஆனால் திறக்கும்போது அவசரப்படக் கூடாது. மூடியை எடுத்து ஒரு நாள் முழுக்கக் காற்றாட விடுவார்கள். பிறகு கயிற்றில் விளக்கைக் கட்டி இறக்குவார்கள். விளக்கு அணைந்தால் யாரும் இறங்கமாட்டார்கள். ஏன் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. பெரியவர்கள் செய்கிற சடங்கு என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

எனக்கு எட்டு வயது. பெரியப்பா மகன் முனிராஜுவுக்கு ஒன்பது. கண்ணாமூச்சி ஆடினோம். அன்று காலையில்தான் ஒரு குழியைத் திறந்து போட்டிருந்தார்கள். அடியில் கொஞ்சம் ஈர ராகி கிடந்தது. இரண்டு பேரும் அதற்குள் குதித்தோம். கொஞ்ச நேரத்தில் எனக்குத் தலை சுற்றியது. காதுக்குள் வண்டு கத்துவது போல இருந்தது. பயமாக இருக்கிறது, போகலாம் என்றேன். "போடா பயந்தாங்கொள்ளி, என் தோள்ல ஏறிப் போ" என்றான். அவன் தோளில் கால் வைத்து ஏறி வெளியே வந்தேன். வந்தவன் வைக்கோல் போருக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன். தேடிவந்த பையன்கள் என்னைக் கண்டுபிடித்து, முனிராஜு எங்கே என்று கேட்டார்கள். நான் சொல்லவில்லை. ஒளிந்தவன் இடத்தைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்பது ஆட்டத்தின் விதி. விதியைக் காப்பாற்றினேன். குழிக்குள் தேங்கிய கெட்ட காற்றில் மூச்சடைத்து, அவனை எடுக்கும்போது கை கால் சில்லிட்டிருந்தது.

இதுதான் என் சின்ன வயசு விளையாட்டு.

அதற்குப் பிறகு எந்த இடத்துக்குள் நுழைந்தாலும் வெளியே போகும் வழி எங்கே என்றுதான் முதலில் பார்ப்பேன். கல்யாண வீடானாலும் சரி, டூரிங் கொட்டகையானாலும் சரி. பள்ளிப் படிப்பு முடிந்து சேலத்தில் படம் வரையக் கற்றேன். இரண்டு வருஷம். அதில் சொல்ல ஒன்றுமில்லை. கோடு நேராக வந்தது, வேலை கிடைத்தது. ஐம்பதுகளின் நடுவில் கிருஷ்ணகிரியில் ஒரு கட்டட அலுவலகத்தில் டிராஃப்ட்ஸ்மேன் ஆனேன். ஆள் பற்றாக்குறை என்பதால் படம் போடுவதோடு, வேலை நடக்கிற இடத்துக்குப் போய் மேற்பார்வை பார்ப்பதும் என் தலையில்தான்.

மேலதிகாரி ஆறுமுகநயினார். திருநெல்வேலிக்காரர். குரலை உயர்த்தமாட்டார். மேஜை மேல் ஒரு பேனாக்கத்தி, ஆறு பென்சில். பேசும்போதெல்லாம் பென்சில் சீவுவார். சீவுவதை நிறுத்திவிட்டால் நமக்கு ஆபத்து என்று அர்த்தம். படம் பிடித்திருந்தால் கையெழுத்துப் போடுவார். பிடிக்காவிட்டால் வாயைத் திறக்காமல் படத்தை நான்காக மடித்துத் திருப்பிக் கொடுப்பார்.

அந்த மடிப்பின் கொடுமை இன்றைக்குக் கம்ப்யூட்டரில் வரைகிறவர்களுக்குப் புரியாது. டிரேசிங் துணி என்று ஒன்று உண்டு. மெழுகு போட்டது போல வழவழப்பான மெல்லிய துணி. அதைப் பலகையில் இழுத்துக் குத்தி, சுண்ணப்பொடி தேய்த்து எண்ணெய்ப் பிசுக்கை எடுத்து, மையில் வரைய வேண்டும். ஒரு சொட்டு வியர்வை விழுந்தால் அந்த இடம் வெளுத்துப்போகும். வரைந்ததை நீலத்தாள் மேல் வைத்து, கண்ணாடிச் சட்டத்துக்குள் இறுக்கி, மாடியில் வெயிலில் வைத்து, பிறகு தொட்டித் தண்ணீரில் அலசினால் நீலத்தில் வெள்ளைக் கோடாகப் படம் வரும். துணியில் மடிப்பு இருந்தால் அதுவும் அச்சில் ஒரு கோடாக விழும். அதனால் நான்காக மடித்தார் என்றால் முதலிலிருந்து வரைய வேண்டும். மூன்று நாள் வேலை.

குருபரப்பள்ளியிலிருந்து உள்ளே மூன்று மைல் தள்ளி ஒரு ஊர். அங்கே ஆரம்பப் பள்ளிக்கூடம் கட்ட உத்தரவு வந்தது. மாதிரிப் படம் மேலிடத்திலிருந்து வந்திருந்தது. நீளமாக ஒரே கூடம், கம்பி போட்ட ஜன்னல்கள், முன்பக்கம் ஒரே ஒரு கதவு. நாற்பது பிள்ளைகள் உட்காரும் இடம். பின்சுவரில் இன்னொரு கதவைச் சேர்த்து வரைந்து கொண்டுபோய் வைத்தேன்.

"என்ன வே இது, பள்ளிக்கூடமா சத்திரமா?" என்றார். "வாத்தியாரு ஒத்த ஆளு. ஒரு கதவுல அவரு நாற்காலியப் போட்டு உக்காந்தாதான் பயலுவ உள்ள இருப்பானுவ. நீரு பின்னால தொறந்து விட்டா, ஆஜர் எடுத்து முடிக்கதுக்குள்ள பாதிப் பேரு மாமரத்துல இருப்பான்."

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. தீப்பிடித்தால், விபரீதம் ஏதாவது நடந்தால் என்று இழுத்தேன். என்ன விபரீதம் என்று கேட்டார். முனிராஜுவைப் பற்றிச் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. அவர் பென்சில் சீவுவதை நிறுத்தினார். படத்தை நான்காக மடித்தார்.

மூன்று நாளில் ஒரே கதவோடு வரைந்து கொடுத்தேன். கையெழுத்து விழுந்தது. ஆனால் கட்டும்போது வேறு கட்டினேன்.

எல்லப்ப மேஸ்திரிதான் கொத்து வேலை. நல்ல வேலைக்காரர், வாய்க்கட்டு உள்ளவர். பின்சுவர் எழும்பும்போது நடுவில் மூன்றடி அகலத்துக்கு வழி விடச் சொன்னேன். ஆறடிக்கு மேல் தாங்குவதற்குக் கல் பலகை போட்டோம். பிறகு அந்த வழியைச் செங்கல் வைத்து அடைத்தோம். சுண்ணாம்புக் கலவை போடாமல் வெறும் சேற்றில், இரண்டு பக்கச் சுவரோடும் கோக்காமல் நேராக அடுக்கி, உள்ளும் புறமும் சுண்ணாம்பு பூசி மெழுகினோம். கண்ணுக்கு ஒரே சுவர். ஆபத்து என்றால் பெரிய ஆள் இரண்டு உதை விட்டால் போதும், திறந்துகொள்ளும். என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

மேஸ்திரிக்குப் பிடிக்கவில்லை. "வேணாங்க சார். கதவுன்னா கதவு, செவுருன்னா செவுரு. ரெண்டுங்கெட்டானா வெச்சா அது நமக்கே எமன்" என்றார். வாயை மூடிக்கொண்டு பூசும் என்று எரிந்து விழுந்தேன். அவரும் பூசினார்.

இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த கதவு எதற்குப் பயன்படும் என்று ஒரு முட்டாளுக்குக்கூடத் தோன்றும். எனக்குத் தோன்றவில்லை. பள்ளிக்கூடத்து வாத்தியாரிடம்கூட நான் சொல்லவில்லை. சொன்னால் அலுவலகத்துக்குத் தெரியும், வேலை போகும். ஒளித்து வைத்த இடத்தை மறுபடியும் சொல்லாமல் இருந்துவிட்டேன். அப்போது அது உறைக்கவில்லை.

பள்ளிக்கூடம் திறந்தார்கள். ஐப்பசி மழை வந்தது. மழை பெய்த ஒவ்வொரு நாளும் சேறு ஊறுமோ, பூச்சு வெடிக்குமோ என்று பயந்தேன். ஆறுமுகநயினார் கூப்பிட்டார் என்று பியூன் வந்து நின்றாலே, சுவர் சமாச்சாரம் தெரிந்துவிட்டதோ என்றுதான் நினைப்பேன்.

தை மாதம் வாத்தியாரிடமிருந்து ஒரு கார்டு வந்தது. அவர் பெயர் ஞானப்பிரகாசம். சாந்தமான மனிதர். 'பிள்ளைகள் பின்சுவரைப் பறித்து விளையாடுகிறார்கள். அடித்தும் கேட்கவில்லை. தாங்கள் வந்து பார்த்தால் நலம்' என்று எழுதியிருந்தார்.

லீவு சொல்லவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். அந்தப் பத்து மைலும் கண்ணுக்குள் அந்தச் சுவர்தான். நாற்பது பிள்ளைகள் நாள் முழுக்கக் கையால் தடவும் சுவரில் எந்த இடம் மெதுவாக இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாதா? இன்ஜினியர் கண்ணை ஏமாற்றலாம். பிள்ளை விரலை ஏமாற்ற முடியாது. அடியில் நாலு செங்கல்லை உருவிவிட்டால் மேலே நிற்கிறதை எது தாங்கும்? எதுவும் தாங்காது. பூச்சு ஒட்டிக்கொண்டிருக்கும் வரைக்கும் நிற்கும். அப்படித்தானே நான் கட்டினேன்.

மத்தியான இடைவேளை. சைக்கிளைப் போட்டுவிட்டுப் பின்பக்கம் ஓடினேன். வாத்தியாரும் கூடவே வந்தார். சுவரோரம் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் கைகளைச் சிறகு போல மடக்கிக்கொண்டு கொக்கரித்துச் சுற்றினார்கள். சுவரின் அடியில் ஒரு பொந்து. ஆறு வரிசைச் செங்கல் இல்லை. தரையிலும் ஒன்றரை முழம் பள்ளம் பறித்திருந்தார்கள். பொந்துக்குள் ஒரு பெண் குழந்தை குந்தியிருந்தது. முழங்கால் வெளியே, தலையும் முதுகும் உள்ளே. அதன் தலைக்கு மேல் அடிச்செங்கல் ஒன்று பாதி தொங்கிக்கொண்டிருந்தது. பூச்சில் இரண்டு பக்கமும் மேலிருந்து கீழ்வரை கத்தியால் கீறினது போல நேர் விரிசல். சுவரில் என் கதவின் படம் தானாகவே விழுந்திருந்தது.

வாத்தியார் அதட்ட வாயைத் திறந்தார். அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன். குழந்தை திடுக்கிட்டு எழுந்தால் தலை அந்தச் செங்கல்லில்தான் முட்டும். கையை விட்டு இழுக்கலாம் என்றால், மிரண்டு உள்ளே ஒடுங்கினால் முதுகு சுவரில் இடிக்கும். இரண்டும் ஒன்றுதான்.

யார் என்று வாத்தியாரிடம் தாழ்ந்த குரலில் கேட்டேன். நரசம்மா, ஏழு வயது, வீட்டில் தெலுங்கு என்றார். மற்ற பிள்ளைகளைச் சத்தமில்லாமல் முன்பக்கம் கூட்டிப்போகச் சொன்னேன். பிறகு பத்தடி தள்ளி மண்ணில் உட்கார்ந்துகொண்டு, தெலுங்கில், வெளியே வா அம்மா என்றேன்.

"வரமாட்டேன். நான் நரி" என்றது. "கோழி கிட்ட வந்தாத்தான் நரி வரும்."

"கோழியெல்லாம் போயிடுச்சே."

"அப்போ நீ கோழியா இரு."

என் ஆயுளில் நான் யாருக்காகவும் வேஷம் கட்டியது கிடையாது. கால்சட்டையோடு மண்ணில் குந்தி, இரண்டு கையையும் மடக்கி, கோழி மாதிரி கொக்கரித்தேன். குரல் வரவில்லை. மறுபடியும் கொக்கரித்தேன். "கோழிக்கு ஜலதோஷம்" என்று குழந்தை சிரித்தது. சிரித்த குலுக்கலில் தலைக்கு மேலிருந்து மண் பொடியாகக் கொட்டியது.

"நரி தலையத் தூக்கினா கோழி பறந்துடும்" என்றேன். "தவழ்ந்து வரணும். சத்தமே வரக் கூடாது."

அது யோசித்தது. எவ்வளவு நேரம் யோசித்தது என்று இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது. பிறகு கையை முன்னால் ஊன்றி, தலையைத் தாழ்த்தி, வயிறு மண்ணில் தேயத் தவழ்ந்து வந்து என் காலைப் பிடித்தது. தூக்கிக்கொண்டு ஓடினேன். வாத்தியார் கையில் கொடுத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பினேன்.

எல்லோரையும் தூர நிறுத்திவிட்டு ஒரு நீள மூங்கிலால் அந்தத் தொங்குகிற செங்கல்லைத் தொட்டேன். தொட்டேன், அவ்வளவுதான். முழு அடைப்பும் சரிந்து உட்கார்ந்தது. புழுதி அடங்கியதும் பார்த்தால் நரசம்மா இருந்த பள்ளம் தெரியவில்லை. மேலே கல் பலகை அசையாமல் நின்றது. அதற்குக் கீழே சுவரில் மூன்றடி அகலத்தில் வழி. அதற்குள் வகுப்புக் கரும்பலகை தெரிந்தது. பிள்ளைகள் கை தட்டினார்கள்.

மறுநாள் காலை ஆறுமுகநயினார் முன்னால் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். சுவர், சேறு, பொந்து, குழந்தை. முனிராஜுவையும் சொன்னேன். அவனைப் பற்றி வெளியாள் ஒருவரிடம் பேசியது அதுதான் முதல் தடவை. அவர் பென்சில் சீவிக்கொண்டே கேட்டார். முடித்ததும், "உம்ம பயத்தப் படத்துல போட்டிருக்கணும் வே. செவுத்துக்குள்ள வச்சுப் பூசியிருக்கக் கூடாது" என்றார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. போகிற வேலைதானே என்று, "படத்துலதான் போட்டேன். நீங்கதான் நாலா மடிச்சீங்க" என்றேன்.

கத்தி நின்றது. "மடிச்சேன். இல்லங்கல. நீரு மறுபடி கொண்டாந்திருக்கணும். இப்போ எங்கிட்ட சொன்னத அப்போ சொல்லியிருக்கணும். பத்து தடவ மடிச்சிருப்பேன். பதினோராவது தடவ என்ன பண்ணியிருப்பேன்னு இனிமே நம்ம ரெண்டு பேருக்குமே தெரியப் போறதில்ல."

 

ஜீப்பில் போய்ப் பார்த்தார். தானே டேப் பிடித்து அளந்தார். திரும்பி வந்ததும் பழைய டிரேசிங்கை எடுத்து என் முன்னால் போட்டார். சுவரில் இருப்பது படத்தில் இருக்க வேண்டும், வரையும் என்றார். அவர் மேஜையிலேயே நின்றுகொண்டு பின்சுவரில் மூன்றடிக் கதவை வரைந்தேன். நின்றபடி வரைந்ததில் ஒரு கோடு வளைந்தது. அதைச் சுரண்டி அழிக்கச் சொல்லவில்லை. கையெழுத்துப் போட்டார். ஊர் தச்சரை வைத்து, வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி பலகைக் கதவு மாட்ட உத்தரவு எழுதினார். அதே மையில் அடுத்த தாளில் எனக்குத் தண்டனை எழுதினார். மத்தூர்ப் பக்கம் ஒரு கல் குவாரியில் ஸ்டோர் பார்க்க வேண்டும், இரண்டு வருஷத்துக்குப் படப் பலகையைத் தொடக் கூடாது. எல்லப்ப மேஸ்திரி பெயர் எங்கேயும் வரவில்லை. அதை மட்டும் நான் கேட்டுக்கொண்டேன், அவரும் ஒப்புக்கொண்டார்.

மத்தூருக்குக் கிளம்ப வேண்டிய நாள். சாயங்கால பஸ். மத்தியானம் அந்தப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு நடை போனேன். புதுக் கதவு திறந்திருந்தது. வேப்பெண்ணெய் பூசிய வாசனை. இடைவேளை நேரம், ஆனால் கதவுப் பக்கம் ஒரு பிள்ளை இல்லை. எல்லோருக்கும் தெரிந்த கதவில் அவர்களுக்கு என்ன வேலை?

பிள்ளைகள் எங்கே என்று கேட்டேன். வாத்தியார் முன்வாசலைக் காட்டினார். வாசல் படிக்கு நாங்கள் போட்டது ஆறடி நீளக் கல். மூன்று ஆள் சேர்ந்து நகர்த்திய கல். அதன் அடியில் ஒரு பக்கம் மண்ணை வாரியிருந்தார்கள். மண்ணில் குப்புறப் படுத்திருந்த இரண்டு கால்கள் தெரிந்தன. உள்ளேயிருந்து நரசம்மாவின் குரல் கேட்டது, கோழிகளை எண்ணிக்கொண்டிருந்தது.

சைக்கிளைச் சாய்த்துவிட்டு மண்டி போட்டேன். சத்தமில்லாமல் கையை விட்டு, கல்லுக்கு அடியில் இன்னும் எத்தனை விரல் மண் மிச்சம் இருக்கிறது என்று தடவிப் பார்த்தேன். பிறகு கையை மடக்கிக் கொக்கரித்தேன். இந்தத் தடவை குரல் உடனே வந்தது.

அவள் தவழ்ந்து வெளியே வந்ததும், யாரையும் படியில் ஏறவிடாமல் எல்லோரையும் பின்கதவு வழியாக உள்ளே அனுப்பச் சொல்லிவிட்டு, எல்லப்ப மேஸ்திரிக்கு ஆள் விட்டேன். அவர் ஆட்களோடு வந்து, கல்லைத் தூக்கி, அடியில் சுண்ணாம்புக் கலவை போட்டு இறுக்கி முடிக்கும் வரை அங்கேயே நின்றேன். மத்தூர் பஸ் போய்விட்டது. ஒரு நாள் தாமதமாக வேலையில் சேர்ந்ததற்குக் குவாரியில் ஒரு மெமோ கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டேன்.